ரப்பர் வெட்டுக்கு ஹெட்லைட்: வாங்குவது, மாட்டுவது, பழுது பார்ப்பது

ரப்பர் மரத்தை வெயிலுக்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். இராத்திரியில் இலை வழியாகத் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழல்களில் அழுத்தம் நிறைந்து நிற்கும். வெயில் ஏற ஏற அது இறங்கிவிடும், பாலும் சீக்கிரம் நின்றுபோகும். இதற்காகத்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் வெட்டுக்காரர்கள் விடியுமுன் மூன்று, நாலு மணிக்கே தோட்டத்துக்குள் இறங்குகிறோம். வலது கை கத்தியை இழுக்கும், இடது கை அதற்கு வழிகாட்டும். டார்ச் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் விளக்கு நெற்றிக்குப் போய்விட்டது.

நான் காலையில் மரம் வெட்டுகிறவன். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருடைய ஹெட்லைட்டுகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதும் உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, லைட்டு நல்லாதான் எரியுது. ஆனா மரத்துல காயம் விழுதே, இன்னும் வெளிச்சமா ஒண்ணு வாங்கட்டா?" வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெட்டுக்கு வேண்டிய வெளிச்சம் சின்ன லைட்டிலேயே இருக்கிறது. அது எந்தப் பக்கமிருந்து, எந்தக் கோணத்தில் சாலுக்குள், அதாவது கத்தி பட்டையில் இழுத்த பள்ளத்துக்குள், விழுகிறது என்பதில்தான் விஷயம்.

கடையில் எதைப் பார்ப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கடைக்காரர் சுவிட்சைப் போட்டு எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டுவார். அதைப் பார்க்காதீர்கள். நாம் வெட்டுவது கைக்கெட்டும் தூரத்தில். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால், பத்தடித் தூரத்தில் மங்கலாகத் தெரியும் லைட் ஒன்றரை அடியில் கண்ணைக் கூசவைக்கும். ஒரு வாட் எல்இடி, சுமாராக 100 லூமன் (வெளிச்சத்தின் அளவு), பட்டை பார்க்க அதிகம் என்றே சொல்லலாம். ஆகவே குறைந்த வெளிச்சத்துக்கு ஒரு நிலை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில லைட்டில் முதல் அழுத்தத்திலேயே முழு வெளிச்சமும் வரும், குறைக்க வேண்டுமென்றால் மின்னி மின்னி எரியும் நிலையைத் தாண்டித்தான் போக வேண்டும். இருட்டில், பால் ஒட்டிய விரலோடு அதோடு மல்லுக்கட்ட முடியாது.

அடுத்து கீல். லைட்டின் தலை மேலும் கீழும் திரும்பும் இடம். பத்துத் தடவை திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பல்லிலும் 'டக்' என்று நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் குனியும்போதெல்லாம் தலை தொங்கிவிடும். மற்றக் குறைகளில் பெரும்பாலானவற்றைத் திண்ணையில் வைத்துச் சரிசெய்துவிடலாம். கீலின் பல் தேய்ந்தால் மட்டும், இடையில் சைக்கிள் ட்யூப் துண்டைச் செருகிக் கொஞ்ச காலம் ஓட்டலாமே தவிர முழுதாகச் சரியாகாது.

வெளிச்சத்தின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடிதான், மேலே மஞ்சளாக ஒளிரும் பூச்சு இருக்கும். (அந்த நீல எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். நம் நெற்றியில் எரிவது அவர்கள் புண்ணியம்.) மலிவான லைட்டுகளில் நீலம் தூக்கலாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் பட்டையின் அடுக்குகள் எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரியும். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையில் வெளிப்பட்டையின் பழுப்பும், உள்ளே போகப் போக மாறும் நிறமும் பிரிந்து தெரியும். பூச்சிகளும் அதில் குறைவாகத்தான் மொய்க்கும்.

எடை கடைசி. பேட்டரி தலைக்குப் பின்னால் இருக்கும் மாடல் நல்லது. முன்னாலேயே எல்லாம் இருந்தால் குனிந்து குனிந்து நிமிர்கிற வேலையில் லைட் மூக்குக்கு இறங்கிவிடும். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று பொருள். நமக்கு அது போதும்.

இனி மாட்டும் விதம். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ரப்பர் மரத்தின் வெட்டு இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்கும். பால்குழல்கள் நேர் செங்குத்தாக ஓடாமல் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழல்கள் அறுபடும். ஒவ்வொரு வெட்டிலும் சீவி எடுப்பது ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. உள்பக்கம் மரத்தை ஒட்டி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, புதுப் பட்டை அதிலிருந்துதான் வளர வேண்டும். அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டை மிச்சம் விட வேண்டும். பால்குழல்கள் அதிகம் இருப்பதும் அந்தப் படலத்துக்குப் பக்கத்தில்தான். ஆழம் போதாவிட்டால் பால் இல்லை, கூடிப்போனால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டு கழித்து அதே பட்டையில் மறுபடி வெட்டு வரும்போது கத்தி அதில் தட்டும்.

இந்த ஒரு மில்லிமீட்டரை இருட்டில் காட்டுவதற்காகத்தான் லைட். லைட்டை நெற்றி நடுவில் மாட்டினால் வெளிச்சம் நம் பார்வை போகும் வழியிலேயே போகும். சாலின் விளிம்பு நிழல் நம் கண்ணுக்கு மறைந்துவிடும், பள்ளம் எவ்வளவு என்று தெரியாது. இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளி, இடது புருவத்துக்கு மேலே வைத்துப் பாருங்கள். கத்தியை இழுக்கும் வலது கை வெட்டு வாய்க்கு வலப்பக்கம் இருப்பதால் கையின் நிழல் வெட்டிய இடத்தில் விழாது. சாலின் மேல்விளிம்பு ஒரு மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் தடிமனைப் பார்த்தே கத்தி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பழகிய கண் சொல்லிவிடும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள், முந்தின நாள் சாயங்காலமே ஒரு மரத்தில் கத்தியை வைத்து, நிழல் சாலில் விழாத பக்கம் எது என்று லைட்டை நகர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்கீழ்க் கோணத்துக்கு வருவோம். ஒட்டுக்கன்று மரம் 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்ததும் வெட்டத் தொடங்குகிறோம். அப்போது வெட்டு நெஞ்சளவில் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கி, முழங்காலுக்குக் கீழே போகும். ஒரே ஆண்டு நட்ட தோட்டத்தில் வெட்டுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் இருக்கும். அதனால் முதல் மரத்தில் நின்று ஒரு தடவை கோணம் வைத்தால் கடைசி மரம் வரை மாற்ற வேண்டியதில்லை. வைப்பது இப்படி: கத்தியைச் சாலில் வையுங்கள், கழுத்தை வலிக்காத நிலையில் விடுங்கள், கண்ணை மட்டும் இறக்கிச் சாலைப் பாருங்கள். வெளிச்சத்தின் நடு இப்போது எங்கே இருக்கிறதோ, அதைக் கீலைத் திருப்பிச் சாலுக்குக் கொண்டு வாருங்கள். கழுத்தைத் திருப்பி அல்ல. முந்நூறு, நானூறு மரம் வெட்டுகிற காலையில் ஒவ்வொரு மரத்துக்கும் கழுத்தைக் கூடுதலாகக் குனிந்தால் பத்து மணிக்குப் பிடரி கல்லாகிவிடும்.

நீளக் கத்தியால் மேல்நோக்கி வெட்டும் கிழட்டு மரங்களில் எல்லாம் தலைகீழ். லைட்டை நிமிர்த்தி வைக்க வேண்டும். பட்டைத் துகள் கண்ணில் விழும் என்பதால் தொப்பி போட்டு, தொப்பியின் முன்பக்கம் வெளிச்சத்தை மறைக்காதபடி அதன் மேலேயே பெல்ட்டை மாட்டுங்கள்.

புதுப் பால் வெள்ளை வெளேர் என்று வழியும்போது முழு வெளிச்சம் அடித்தால் அது கண்ணாடியாக மின்னும், சால் மறைந்துவிடும். காயம் விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். குறைந்த நிலையில் வெட்டுங்கள். அடுத்த மரத்துக்கு நடக்கும்போதும் கண் தடுமாறாது. நல்ல வெளிச்சத்தில் கண் பழகிவிட்டால் இருட்டுக்கு முழுதாகத் திரும்ப இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதுவரை நாம் பார்ப்பது லைட் வட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான்.

நடப்பது என்றதும் பாம்பு வந்துவிடும். ஹெட்லைட் வெட்டுக்கு நல்லது, நடைக்கு அவ்வளவு நல்லதல்ல. வெளிச்சம் கண்ணுக்கு மேலேயே இருப்பதால் தரையில் கிடக்கும் பொருளின் நிழல் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். குழி, வேர், கல், சருகில் சுருண்டு கிடக்கும் விரியன், எல்லாமே தட்டையாக ஒரே நிறத்தில் தெரியும். அதே தரையில் இடுப்புயரத்தில் ஒரு சின்ன டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு சருகுக்கும் நிழல் நீளும், கிடப்பது கயிறா பாம்பா என்று தெரியும். நான் பால் வாளி தொங்கும் பக்கம் இடுப்பில் இரண்டாவதாக ஒரு சின்ன லைட்டைக் குத்திக்கொள்வேன். வரிசை மாறும்போதும், ஓடைக்கரை இறங்கும்போதும் அதை எரியவிட்டு நெற்றி லைட்டைக் குறைத்துவிடுவேன். முழங்கால் வரை பூட்ஸ் போடுவது இதற்கெல்லாம் மேல்.

கண் மின்னுவதை நம்பிப் பாம்பு தேடுகிறவர்கள் உண்டு. அது வீண். மிளா, மரநாய், பூனை இவற்றின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. திரும்பும் வெளிச்சம் வந்த வழியே வருவதால், லைட் நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது தெரியும். கையில் டார்ச் பிடித்த காலத்தில் பார்க்காத கண்களெல்லாம் ஹெட்லைட்டில் தெரிவது இதனால்தான். தரையில் சருகுக்கு நடுவே ஊசிமுனை அளவில் பச்சையாக மின்னினால் பெரும்பாலும் சிலந்தி. கிட்டே போனாலும் அணையாது, அது நகர்ந்தால்தான் அணையும். பனித்துளி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். பாம்பின் கண்ணில் அப்படி மின்னுவதில்லை. அதனால் மின்னாத இடம் பாதுகாப்பான இடம் என்று கால் வைக்காதீர்கள். கீரிப்பாறை, கோதையாறு போலக் காட்டை ஒட்டிய தோட்டங்களில் முழு வெளிச்சம் ஒரு தடவை தேவைப்படும்: உள்ளே இறங்கும் முன், நின்று, சுற்றிலும் மெதுவாக அடித்துப் பார்க்க. யானையின் பெரிய உடம்பு இருட்டில் தெரியாது என்பது அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் மரத்துக்குப் பிளாஸ்டிக் மழைக்காப்பு ஒட்டியிருப்போம். அதைத் தூக்கிக் கீழே பார்க்கும்போது வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டுத் திரும்பிக் கண்ணில் அடிக்கும். தலையைக் காப்புக்குக் கீழே கொண்டுபோன பிறகு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். மூடுபனியிலும் இதே தொல்லை. கூட்டினால் முன்னால் வெள்ளைத் திரைதான் தெரியும், குறைத்தால் வழி தெரியும். யாராவது பேசினால் லைட்டைக் கீழே தட்டிவிட்டு முகம் பாருங்கள். சொல்லத் தேவையில்லாத மரியாதை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேட்டரிக்கு வருவோம். இப்போது வருகிற லைட்டில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்த எண். பெயரளவில் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. செல்லின் மேல் 9900 எம்ஏஹெச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று எழுதியிருந்தால் அது பொய். நல்ல கம்பெனி செல்லே 3500 வாக்கில்தான் இருக்கும். சந்தேகமென்றால் மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். நல்ல செல் 45 கிராம் வாக்கில் நிற்கும். முப்பதுக்கும் கீழே காட்டினால் உள்ளே இருப்பது சின்ன செல்லும் காற்றும்தான். உண்மையான 2600 எம்ஏஹெச் செல் ஒரு வாட் எல்இடியை முழு வெளிச்சத்திலேயே ஏழு மணி நேரம் எரிக்கும். ஒரு காலை வெட்டுக்கு அது தாராளம்.

உதிரி செல்லை வெட்டுக்கத்தியோடோ சாவிக்கொத்தோடோ ஒரே பையில் போடாதீர்கள். செல்லின் மேல்முனையும் பக்கத்து உலோகமும் கத்தி வழியாகச் சேர்ந்தால் செல் கொதித்துத் தீப்பிடிக்கும். மேலுறை கிழிந்த செல்லையும், உப்பிய செல்லையும் சார்ஜில் போடவே கூடாது. மெத்தையில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. சிமென்ட் தரையில் வையுங்கள், தூங்கப் போகும் முன் எடுத்துவிடுங்கள். எரிகிற வேலையை லைட் காலையில் பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய வகை லைட்டில் 4 வோல்ட் ஈய பேட்டரி இருக்கும், பின்னாலேயே மடங்கும் பிளக் இருக்கும். நேராகச் சுவரில் செருகும் இந்த வகை பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாக வீட்டு மின்சாரம் உள்ளே இறங்குகிறது. சார்ஜில் இருக்கும்போது உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் 230 வோல்ட் அடிக்கலாம். சார்ஜ் ஏறும்போது நெற்றியில் மாட்டி எரியவிடுவது, பின்மூடி கழன்ற நிலையில் செருகுவது, இரண்டும் உயிருக்கு ஆபத்து. மூடி உடைந்து வந்தால் அதைப் பழுது பார்க்க நான் வாங்குவதே இல்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய பழுது இரண்டு. முதலாவது, மின்னி மின்னி எரிவது. பேட்டரி பெட்டியிலிருந்து வயர் வெளியே வரும் கழுத்தில்தான் பெரும்பாலும் ஒடிந்திருக்கும். லைட்டை எரியவிட்டு அந்த இடத்தை மெல்ல வளையுங்கள். அணைந்து எரிந்தால் அங்கேதான். செல்லை எடுத்துவிட்டு, ஒடிந்த இடத்துக்கு அப்பால் ஒரு அங்குலம் வெட்டி எறிந்து, வயரை உள்ளே இழுத்துப் பழைய புள்ளியிலேயே ஈயம் வைத்து ஒட்டுங்கள், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. உள்பக்கம் வயரில் ஒரு முடிச்சுப் போட்டு மூடினால் அடுத்த இழுப்பு முடிச்சில் நிற்கும், ஈயத்தில் போகாது. லித்தியம் செல்லின் மேலேயே நேராக ஈயம் வைக்கக் கூடாது.

இரண்டாவது, மூன்று பென்சில் செல் போடும் லைட்டில் வெள்ளையாகப் பூத்திருப்பது. செல்லிலிருந்து கசிந்த காரம் அது. எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் காய்ந்ததும் தகட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். பச்சையாகப் பூத்திருந்தால் செல்லைக் குறை சொல்லாதீர்கள், லைட்டை எங்கே தொங்கவிடுகிறீர்கள் என்று பாருங்கள். பால் உறையாமலிருக்க ஊற்றும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் ஆக்க ஊற்றும் பார்மிக் ஆசிட் ஆவியும் சும்மா விடாது. ஷீட் அடிக்கும் கொட்டகையில் ஆணி அடித்து ஹெட்லைட்டை மாட்டி வைப்பவர்களுக்குத்தான் ஸ்பிரிங் அடிக்கடி போகிறது. அடுக்களைப் பக்கம் மாட்டுங்கள்.

இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தும் மாதங்களில் லைட்டை அப்படியே போட்டுவிடக் கூடாது. லித்தியம் செல்லைப் பாதிச் சார்ஜில் கழற்றி, நிழலில் வையுங்கள். ஈய பேட்டரிக்கு இது நேர் மாறு. முழுச் சார்ஜ் போட்டு வைத்து, மாதம் ஒரு தடவை மறுபடி ஏற்ற வேண்டும். காலியாக விட்டால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து பிறகு சார்ஜ் ஏறாது. பெல்ட்டைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து நிழலில் காயப்போடுங்கள், வியர்வை உப்பு போனால் எலாஸ்டிக் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். தளர்ந்துவிட்டால் லைட்டை மாற்ற வேண்டியதில்லை. தையல் சாமான் கடையில் ஒரு அங்குல அகல எலாஸ்டிக் மீட்டர் கணக்கில் கிடைக்கும், பழைய கொக்கியையே கோத்து இரண்டு தையல் போட்டுக்கொள்ளலாம்.